அதுவே இதுவா: பழைய கிரேடர்கள் எழுப்பும் ஒரு மெய்யியல் வினா

ஒரு பொருளின் பாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாற்றப்பட்டு, முதலில் இருந்தவற்றுள் எதுவும் எஞ்சாத நிலையிலும் அது அதே பொருளாக நீடிக்கிறதா என்னும் வினா, கிரேக்க மெய்யியலில் கப்பலையும் இந்திய மெய்யியலில் தேரையும் துணியையும் விளக்குச் சுடரையும் எடுத்துக்காட்டாகக் கொண்டு நெடுங்காலமாக ஆராயப்பட்டு வந்துள்ளது. அவை பெரும்பாலும் வாதத்தின் பொருட்டு எடுத்துக்கொள்ளப்பட்டவை. 20ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவிலும் கனடாவிலும் சாலை அமைத்த கிரேடர், நீராவி மண்வாரி முதலான கனரக இயந்திரங்களைத் தேடி மீட்டெடுத்துப் பேணுவோருக்கோ, அதே வினா கைவேலையின் நடுவிலேயே எழுகிறது. துருவேறிய உறுப்பை அகற்றிவிட்டுப் புதியதைப் பொருத்தும் ஒவ்வொரு முறையும், மீட்கப்படுவது பழைய இயந்திரம்தானா அல்லது அதன் பெயரைத் தாங்கிய வேறொன்றா என்பதை அவர்கள் தம்மளவில் தீர்மானித்தே ஆகவேண்டும். அந்த இயந்திரங்களைப் பற்றிய பழைய நினைவுகளில் பலர் இன்று திளைப்பதற்கு, இளமைக்காலத்தின் மீதுள்ள ஏக்கம் மட்டும் காரணமாகாது என்பதும், 'அதுவே இது' என்னும் அறிவு எதைப் பற்றி நிற்கிறது என்ற பெரிய வினா அந்நினைவுகளுக்குள் பொதிந்துள்ளது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

கிரேடர் என்பது, நீண்ட சட்டகத்தின் நடுவே, முன்சக்கரங்களுக்கும் பின்சக்கரங்களுக்கும் இடையில், சற்றே வளைந்த எஃகுப் பிளேடு ஒன்றைத் தாங்கிச் செல்லும் இயந்திரம். புல்டோசர் மண்ணை முன்னே தள்ளுகிறது. மண்வாரி தோண்டி அள்ளுகிறது. கிரேடரின் தொழிலோ சீவுதலும் பரப்புதலும் ஆகும். பிளேடு ஒரு பெரிய வட்ட வளையத்தில் தொங்குவதால் அதனை ஏற்றலாம், இறக்கலாம், ஒருபுறமாகச் சாய்க்கலாம், சாலைக்குக் குறுக்காகக் கோணம் வைத்துத் திருப்பலாம். சாலையின் ஓரத்து மண்ணை மெல்லச் சீவி நடுவுக்குக் கொண்டுவந்து, நடுப்பகுதியை முதுகு போல உயர்த்தி, இருபுறமும் சரிவாக விடுவதே அதன் தலையாய வேலை. மழைநீர் தேங்காமல் பக்கத்து வாய்க்காலுக்கு வழிந்தோட அந்த முதுகே காரணம் என்பதால், மண்சாலையின் ஆயுள் முழுவதும் அதனைப் பொறுத்தே அமைகிறது. இவ்வேலை ஒருமுறை செய்து முடிப்பதன்று. சரளை சிதறுகிறது, மண் தூசியாகப் பறக்கிறது, வண்டிச் சக்கரங்கள் அலையலையாக வரிப்பள்ளங்களை உண்டாக்குகின்றன; கிரேடர் மறுபடியும் வந்து சீவ வேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளில் மேற்பரப்பின் மண்ணும் கல்லும் பெரும்பாலும் மாறிவிட்ட பிறகும் ஊரார் அதனை அதே சாலை என்றே அழைக்கிறார்கள். கிரேடரைப் பற்றி எழும் வினா, கிரேடர் செப்பனிட்ட சாலையைப் பற்றியும் எழக்கூடியதே என்பது இங்குக் கருதத்தக்கது.

1904ஆம் ஆண்டில் அமெரிக்க அரசு எடுத்த கணக்கெடுப்பின்படி நாட்டுப்புறச் சாலைகளின் மொத்த நீளம் ஏறத்தாழ 21 இலட்சம் மைல்; அதில் கல்லோ சரளையோ பரப்பப்பட்டது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எஞ்சியவை வெறும் மண்சாலைகள். அவற்றைச் செப்பனிடக் குதிரைகளும் கோவேறு கழுதைகளும் இழுத்த கிரேடர்களே பயன்பட்டன. ஒருவர் விலங்குகளை ஓட்ட, மற்றொருவர் பின்மேடையில் நின்று பெரிய கைச்சக்கரங்களைச் சுழற்றிப் பிளேடின் உயரத்தையும் சாய்வையும் மாற்றுவார். கோணமாகத் திருப்பப்பட்ட பிளேடு மண்ணை ஒருபுறமாகத் தள்ளும்போது மண்ணும் வண்டியை எதிர்ப்புறமாகத் தள்ளுகிறது. அதனால் வண்டி வழிவிலகிச் சறுக்கும். இதற்கு மாற்றாகச் சக்கரங்களையே சாய்த்துவைக்கும் முறையை 1885இல் இந்தியானாவைச் சேர்ந்த ஜோசப் ஆடம்ஸ் உருவாக்கினார். சுமையைத் தோளில் ஏற்றியவர் எதிர்ப்பக்கமாகச் சாய்ந்து நடப்பதைப் போன்ற அந்த எளிய உத்தி இன்றைய கிரேடர்களின் முன்சக்கரங்களிலும் தொடர்கிறது. 1903இல் மினசோட்டாவில் தொடங்கப்பட்ட ரஸ்ஸல் நிறுவனம் பின்னர் டிராக்டரையும் கிரேடரையும் ஒன்றாக இணைத்தது. 1928இல் அந்நிறுவனத்தை வாங்கிய கேட்டர்பில்லர், 1931இல் எஞ்சினைப் பின்புறத்தில் தாங்கித் தானே இயங்கும் 'ஆட்டோ பேட்ரோல்' கிரேடரையும், 1938இல் 'நம்பர் 12' என்னும் புகழ்பெற்ற வகையையும் வெளியிட்டது. ஒஹாயோவின் கேலியன், கனடாவின் சாம்பியன் முதலிய பெயர்களும் அத்தொழிலில் இருந்தவர்களின் நினைவில் அழியாமல் நிற்பவை.

அந்நினைவுகள் எவற்றைச் சுற்றி எழுகின்றன என்பது கவனிக்கத்தக்கது. பழைய கேட்டர்பில்லர் டீசல் எஞ்சினைத் தொடங்குவதற்கு, அதன் பக்கத்தில் பொருத்தப்பட்ட இரண்டு சிலிண்டர் கொண்ட சிறிய பெட்ரோல் எஞ்சினை முதலில் முடுக்க வேண்டும். அது சூடேறிய பின் கிளட்ச் வழியாகப் பெரிய எஞ்சினோடு இணைக்க வேண்டும். பெரியது தானாக இயங்கத் தொடங்கியதும் சிறியதை நிறுத்த வேண்டும். ஹைட்ராலிக் முறை பரவுவதற்கு முன், பிளேடின் ஒவ்வோர் அசைவும் எஞ்சினிலிருந்து தண்டுகள், பற்சக்கரங்கள் வழியாக வந்த விசையால் நிகழ்ந்ததால், பிளேடு பாறையில் மோதினால் அந்த அதிர்ச்சி லீவரைப் பிடித்திருந்த கையை வந்து தாக்கும். ஓட்டுநரின் கை அதனாலேயே நிலத்தை அறிந்தது. ஈரமண், களிமண், புதைந்த கல் ஆகியவற்றின் வேறுபாட்டைக் கண்ணுக்கு முன் மணிக்கட்டு உணர்ந்தது. முதியவர்கள் நினைவுகூர்வது பெரும்பாலும் இத்தகைய உடலறிவையே. இயந்திரத்தின் தோற்றம் அவர்கள் பேச்சில் அதற்கு அடுத்த இடத்தையே பெறுகிறது.

இனி, மீட்டெடுக்கும் பணிக்கு வரலாம். கைவிடப்பட்ட ஒரு கிரேடர் கிடைக்கும்போது அதில் எஞ்சின் இறுகிப்போயிருக்கும், பேரிங்குகள் உதிர்ந்திருக்கும், பல உதிரிப் பாகங்கள் களவு போயிருக்கும். அதே வகையைச் சேர்ந்த மற்றொரு பழைய வண்டியை வாங்கி, அதன் பாகங்களைக் கழற்றி இதில் பொருத்துவது வழக்கம். எங்குமே கிடைக்காத பாகத்தைப் புதிதாக வார்க்கவோ கடையவோ வேண்டும். இவ்வாறு இரண்டு மூன்று உடல்களிலிருந்து ஓருடல் எழுகிறது. தீசியஸ் என்னும் தலைவன் சென்ற கப்பலை ஏதென்ஸ் மக்கள் பேணிவந்ததையும், உளுத்த பலகைகளை மாற்றிவந்ததால் அது அதே கப்பலா என்று அறிஞர்கள் வழக்காடியதையும் புளூட்டார்க் பதிவு செய்துள்ளார். 1655இல் ஆங்கில மெய்யியலாளர் தாமஸ் ஹாப்ஸ் அவ்வழக்கை மேலும் கூர்மையாக்கினார். கழற்றிப்போட்ட பழைய பலகைகளை ஒருவர் சேர்த்து வைத்து, அவற்றைக் கொண்டே மற்றொரு கப்பலைக் கட்டினால், இரண்டனுள் எது தீசியஸின் கப்பல் என்று அவர் வினவினார். கிரேடர் மீட்பவருக்கு இது கற்பனையான இடர் அன்று. பாகங்களைக் கழற்றுவதற்காக வாங்கிய வண்டியின் சட்டகத்தை வேறொருவர் வாங்கி அதனையும் மீட்க முனைந்தால், ஹாப்ஸின் இரு கப்பல்களும் இரண்டு பட்டறைகளில் உருவாகத் தொடங்கிவிடுகின்றன.

இந்திய மெய்யியலாருள் வைசேடிகர் இவ்வினாவுக்குத் தரும் விடை மிகக் கடுமையானது. அவர்கள் கொள்கையில் முழுப்பொருள் என்பது பாகங்களின் வெறும் கூட்டமாகாது. பாகங்களில் உறையும் தனிப்பொருளாகிய 'அவயவி' அது. துணியிலிருந்து ஒரு நூலை உருவினாலும் பழைய துணி அழிந்து வேறொரு துணி தோன்றிவிடுகிறது என்று அவர்கள் துணிந்து கூறினர். அவ்வாறாயின், ஒரு போல்ட்டை மாற்றியவுடனேயே பழைய கிரேடர் அழிந்துவிட்டது. பௌத்தரின் விடை எதிர்த்திசையில் செல்கிறது. கி.மு. 2ஆம் நூற்றாண்டின் கிரேக்க மன்னனாகிய மிலிந்தனுக்கும் பௌத்தத் துறவி நாகசேனருக்கும் நடந்ததாகச் சொல்லப்படும் உரையாடலில், அச்சோ சக்கரமோ நுகமோ தேராகாது என்றும், அவை யாவற்றையும் சார்ந்து எழும் வழக்குப்பெயரே தேர் என்றும் நிறுவப்படுகிறது. இயந்திரச் சேகரிப்பாளர் நடைமுறையில் நாகசேனரையே பின்பற்றுகிறார் எனலாம். ஏனெனில் வண்டியின் அடையாளத்தை உறுதிசெய்ய அவர் முதலில் தேடுவது, வரிசை எண் பொறித்த சிறு தகட்டைத்தான். ஆனால் தகடு மட்டும் கையில் கிடைத்தால் கிரேடர் கிடைத்துவிட்டதாக அவர் மகிழ்வதில்லை.

இரண்டு விடைகளும் ஓரிடத்தில் குறைபடுகின்றன. இயந்திரம் ஒரு தொழிலைச் செய்வதற்காக உண்டானது என்பதை அவை கணக்கில் கொள்ளவில்லை. ஆங்கில மெய்யியலாளர் ஜான் லாக் 1694இல் தம் மெய்யியல் நூலின் இரண்டாம் பதிப்பில் சேர்த்த பகுதியொன்றில், கடிகாரம் என்பது ஒரு நோக்கத்துக்கு ஏற்ப அமைந்த பாகங்களின் ஒழுங்கமைப்பே என்றும், உயிரினத்தில் அமைப்பும் இயக்கமும் ஒருங்கே தோன்ற, இயந்திரத்திலோ விசை வெளியிலிருந்து வரவேண்டியுள்ளதால் உறுப்புகள் சீராக இருந்தும் இயக்கம் இல்லாதிருக்கக்கூடும் என்றும் விளக்கினார். கொட்டகையில் பளபளப்பாக நிற்கும் மீட்டெடுத்த கிரேடருக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் கிடைப்பது அரிது. அதற்கு உறுப்புகள் யாவும் உள்ளன. உயிர்ப்புக்கு வேண்டியது வெளியே உள்ளது.

அந்த 'வெளியே' என்பதைத் தமிழ் இலக்கண மரபு மேலும் நுட்பமாகக் காட்டுகிறது. ஒரு தொழில் நிகழ்வதற்கு வேண்டிய எட்டு முதனிலைகளைத் தொகுக்கும் தொல்காப்பியம், வினை, செய்பவன், செயப்படுபொருள், நிலம், காலம் ஆகியவற்றோடு கருவியையும் வைக்கிறது. இதன்படி கருவி என்பது பொருள்களின் ஒரு வகை என்பதைவிட, தொழிலுக்குள் ஒரு பொருள் ஏற்கும் இடம் என்பதே பொருந்தும். இரும்பு எங்கும் இரும்பே. மண்ணைச் சீவும்போதுதான் அது கருவி. மேலும் மூன்றாம் வேற்றுமை, செய்பவனாகிய வினைமுதலுக்கும் கருவிக்கும் ஒருங்கே உரியதாக வைக்கப்பட்டுள்ளது. ஓட்டுநரால் செப்பனிடப்பட்ட சாலை என்றாலும் கிரேடரால் செப்பனிடப்பட்ட சாலை என்றாலும் உருபு ஒன்றே. சாலையின் பக்கமிருந்து நோக்கினால் ஓட்டுநரும் கிரேடரும் பிரித்தறிய முடியாதவாறு ஒரு செயலில் கலந்து நிற்கிறார்கள் என்பதை அந்த உருபு காத்து வைத்துள்ளது. வர்ஜீனியா லீ பர்ட்டன் 1939இல் படைத்த சிறுவர் நூலில், மேரி ஆன் என்னும் நீராவி மண்வாரி தான் தோண்டிய குழியிலிருந்து வெளியேற வழியின்றி, அதன்மேல் எழுந்த நகர மன்றக் கட்டடத்துக்கு வெப்பமூட்டும் உலையாகிவிடுகிறது. பாகங்களைக் கொண்டு பார்த்தால் அது பழைய மேரி ஆனேதான். கருவி என்று பார்த்தால் அது வேறொன்றாகிவிட்டது. தலைமுறைகளாக அந்நூலைப் படித்தவர்கள் மகிழ்ச்சியோடு ஒரு துயரையும் சேர்த்து உணர்வது இந்த இருமையால்தான் எனத் தோன்றுகிறது.

இந்நிலையில், மீட்டெடுத்த கிரேடரைக் கண்டு பழைய ஓட்டுநராகிய முதியவர் சொல்லும் 'அதுவே இது' என்னும் கூற்றுக்கு வரலாம். புலனால் இப்போது காணப்படுவதும் முன்பு பதிந்திருந்த தடமும் சேர்ந்து பிறக்கும் அறிவை இந்தியத் தருக்கநூலார் 'பிரத்தியபிஞ்ஞை' என்பர். மீட்டறிதல் என்று அதனைத் தமிழாக்கலாம். அத்தடத்துக்கு அவர்கள் வைத்த பெயர் 'சம்ஸ்காரம்'. நியாய வைசேடிக மரபு சம்ஸ்காரம் என்னும் ஒரே பண்பின்கீழ் மூன்றை வைக்கிறது: எய்த அம்பைத் தொடர்ந்து செலுத்தும் வேகம், அனுபவத்தால் ஆன்மாவில் பதிந்து நினைவை எழுப்பும் பாவனை, வளைத்த கிளையைப் பழைய நிலைக்கே மீளச்செய்யும் நெகிழ்திறன். பொறியியலுக்கு உரியதென இன்று கருதப்படும் இரண்டையும் உளவியலுக்கு உரிய ஒன்றையும் அவ்வறிஞர்கள் ஏன் ஓரிடத்தில் வைத்தனர் என்பது ஆழ்ந்து எண்ணத்தக்கது. முன்னிகழ்ந்தது முடிந்த பிறகும் அதன் ஆற்றல் ஒரு பொருளில் தங்கி, தக்க நேரத்தில் வெளிப்படுகிறது என்பதே மூன்றுக்கும் பொதுவானது. ஓடும் கிரேடரின் வேகமும், அதன் எஃகின் நெகிழ்திறனும், அதனை இயக்கியவரின் நினைவும் ஒரே பெயரால் அழைக்கப்படும் ஒரு மெய்யியலில், இயந்திர நினைவுகளை வெறும் உணர்ச்சி மிகுதி என்று ஒதுக்கிவிட இயலாது.

எனினும் பௌத்தர்களின் மறுப்பு வலியது. வெட்டிய நகம் மறுபடி வளர்ந்ததும் அதே நகம் என்கிறோம். இரவெல்லாம் கணந்தோறும் புதிதாகும் சுடரை அதே சுடர் என்கிறோம். ஒப்புமையால் மயங்கிய அறிவே மீட்டறிதல் என்பது அவர்கள் வாதம். புதிதாகக் கடைந்த தண்டுகளும் புதிய பேரிங்குகளும் கொண்ட கிரேடரைப் பொறுத்தவரை இம்மறுப்பை எளிதில் விலக்க முடியாது. ஆயினும் முதியவரின் கை லீவரைப் பற்றும்போது நிகழ்வது தோற்றத்தின் ஒப்புமையை உணர்வது மட்டுமன்று. பிளேடின் முனை மண்ணில் இறங்கும் கணத்தில், எவ்வளவு தாழ்த்த வேண்டும், எப்போது சக்கரத்தைச் சாய்க்க வேண்டும் என்பதை அவர் கை யாரும் சொல்லாமலே செய்துவிடுகிறது. ஓரனுபவம் எவருக்கு உண்டாயிற்றோ அவருக்கே அதன் நினைவு எழும் என்பது நியாய நூலாரின் நிலைப்பாடு. ஆகவே இயந்திரம் எதையும் நினைவுகூர்வதில்லை. அது தொழிலில் வகித்த இடம் மட்டும் அவர் கையில் காக்கப்பட்டிருக்கிறது. இரும்பைப் பற்றி வைசேடிகர் சொன்னது சரி. பெயரைப் பற்றி நாகசேனர் சொன்னது சரி. கருவியைப் பற்றி அந்த முதியவர் சொல்வது சரி என்பதே இக்கட்டுரை கொள்ளும் முடிபு.

இம்முடிபிலிருந்து சில நடைமுறை விளைவுகள் பிறக்கின்றன. பௌத்த மரபு போற்றுதற்குரிய நினைவுச்சின்னங்களை மூன்றாக வகுக்கிறது: உடலின் எச்சங்களாகிய 'சாரீரிகம்', பயன்படுத்திய பொருள்களாகிய 'பாரிபோகிகம்', நினைவுக்குறியாக எழுப்பப்பட்ட 'உத்தேசிகம்'. பழைய கிரேடரில் கைபட்டு வழவழப்பான லீவர்த் தலையும், ஆண்டுக்கணக்காகப் பாதம் ஊன்றித் தேய்ந்த மிதிதகடும் உண்மையில் பாரிபோகிகங்கள். இயந்திரத்தையும் மனிதரையும் ஒருசேரக் காட்டும் தடங்கள் அவை. பளபளப்பை விரும்பி அவற்றை உராய்ந்து வண்ணம் பூசுவது பெரும் இழப்பு. வண்ணத்திலும் கவனம் வேண்டும். கேட்டர்பில்லர் இயந்திரங்கள் 1931ஆம் ஆண்டின் இறுதியில்தான் சாம்பல் நிறத்திலிருந்து மஞ்சளுக்கு மாறின என்பதால், 1929ஆம் ஆண்டின் வண்டிக்கு மஞ்சள் பூசுவோர் அது என்றுமே கொண்டிராத தோற்றத்தை அதற்குத் தந்துவிடுகிறார்கள். ஒஹாயோவின் நிலக்கரிச் சுரங்கத்தில் 1969 முதல் 1991 வரை இயங்கிய 'பிக் மஸ்கி' என்னும் மாபெரும் அகழ்பொறி 1999இல் உடைக்கப்பட்டபோது, 220 கன கெஜம் கொள்ளளவுடைய அதன் வாளி மட்டும் எஞ்சியது. இன்று அது சுரங்கத் தொழிலாளர்களுக்கான நினைவுப் பூங்காவில் வைக்கப்பட்டுள்ளது. உடலின் ஓர் எச்சம் முழுமைக்கும் பதிலாக நிற்கும் சாரீரிகத்துக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டுவதில்லை.

கருவியைப் போற்றும் மற்றொரு முறையும் உண்டு. தமிழகத்து ஆயுத பூசையில் லாரிக்கும் ரோடு ரோலருக்கும் கடைசல் பொறிக்கும் சந்தனமும் குங்குமமும் இடுவோர், கருவியை அன்று ஒருநாள் ஓயவிட்டு, மறுநாள் மீண்டும் தொழிலில் இறக்குகிறார்கள். வழிபாடு செயலின் இடைவெளியில் நிகழ்கிறதேயன்றி, செயல் முடிந்த பின் நிகழ்வதில்லை. கருவியைச் செயலோடு சேர்த்தே எண்ணும் மனநிலை அவ்வழக்கத்தின் அடியில் உள்ளது.

நினைவுக்கு ஒரு கடமையும் உண்டு. தனக்கு இனியதை மட்டும் அது தேர்ந்துகொள்ளலாகாது. பனாமாக் கால்வாயைத் தோண்டிய பியூசைரஸ் நீராவி மண்வாரிகளும், 1906 நவம்பரில் அவற்றுள் ஒன்றின் இருக்கையில் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட் அமர்ந்த புகைப்படமும் இயந்திர ஆர்வலர்களிடையே பெரும் மதிப்புப் பெற்றவை. அமெரிக்கர் மேற்கொண்ட அக்கட்டுமானக் காலத்தில் நோயாலும் விபத்தாலும் மாண்டவர்கள் மருத்துவமனைப் பதிவுகளின்படி 5,609 பேர் என்பதும், அவர்களுள் மிகப்பலர் பார்படோஸ், ஜமைக்கா முதலிய தீவுகளிலிருந்து வந்த கறுப்பினத் தொழிலாளர்கள் என்பதும் அந்த அளவுக்கு நினைவுகூரப்படுவதில்லை. மூன்றாம் வேற்றுமை வினைமுதலையும் கருவியையும் சேர்த்தே காத்து வைத்திருக்க, கருவியை மட்டும் பேணி வினைமுதலை மறப்பது அந்த உருபின் பாதியை அழிப்பதாகும். மண்வாரியின் எடையையும் ஆண்டையும் எழுதும் அருங்காட்சியகப் பலகை, அதனோடு வேலை செய்து மாண்டவர்களையும் குறிப்பிட வேண்டும் என்று கோருவது நியாயமானதே.

ஒஹாயோவின் பௌலிங் கிரீன் நகரில் உள்ள தேசியக் கட்டுமான இயந்திர அருங்காட்சியகத்தை நடத்தும் வரலாற்றுச் சங்கம், ஆண்டுதோறும் நடத்தும் மாநாட்டில் பழைய இயந்திரங்களை மண்ணில் இறக்கி உண்மையாகவே இயக்கிக் காட்டுகிறது. கண்ணாடித் தடுப்புக்குப் பின்னே நிறுத்துவதைவிட இதுவே மேலான பேணல். ஆயினும் பேணுவோர் இன்னும் இரண்டைச் செய்தல் வேண்டும். மாற்றிய ஒவ்வொரு பாகத்தையும், அது எந்த வண்டியிலிருந்து வந்தது அல்லது எந்த ஆண்டில் புதிதாகச் செய்யப்பட்டது என்பதையும் எழுதி, அக்குறிப்பேட்டை இயந்திரத்தோடே வைக்க வேண்டும். அந்த லீவர்களைப் பிடித்துப் பழகியோர் அனைவரும் முதுமையடைந்துவிட்டதால், அவர்கள் கையறிவு மறைவதற்குள் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் இளையவர் ஒருவரையேனும் அருகில் அமர்த்தி, மண்ணில் பிளேடை இறக்கிச் சாலைக்கு முதுகு வைக்கக் கற்றுக்கொடுக்க வேண்டும்.